அடித்துணி

மனிட்டோபா, ஜனவரி. மைனஸ் முப்பத்திரண்டு.
மென்னனைட் சபையின் நிலவறையில் வாக்கெடுப்பு:
ஆக்னெட்டாவுக்கும் லீஸ்பெத்துக்கும்
இங்கே திருமணம் இல்லை.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்றில் ஒரு கை என்னுடையது.

செவ்வாயன்று தையல் கூட்டம்.
சபையில் யாருக்கு மணமானாலும்
ஒட்டுப்போர்வை உண்டு. இவர்களுக்கு?
"வின்னிபெக் போய்ப் பதிவு செய்கிறார்களாம்.
குளிர் அங்கேயும் குளிர்தானே"
என்றாள் யுஸ்தினா,
நூல் முனையை எச்சில் தொட்டு.

அப்புறம்தான் சிக்கல்.
ஒற்றைக் கட்டிலுக்கு இரண்டா,
இரட்டைக் கட்டிலுக்கு ஒன்றா?
பன்னிரண்டு பேரும்
மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலையே பார்த்தோம்.
போதகரைக் கேட்கலாம் என்றாள் ஒருத்தி.
யாரும் எழவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

வேதம் மாறவில்லை. நானும்தான், இன்னும்.
ஆனால் அடித்துணி ஒரே வீச்சாக
விரிந்து கிடந்தது.
வெட்ட மனம் வரவில்லை.