கரை என்றால் வலது

பனிமய மாதா திருவிழாவுக்கு மறுநாள் பிறந்தான்.
ஞானஸ்நானத்தில் பனியடிமை என்று எழுதினார்கள்.
குறும்பனையில் அந்தப் பெயரில் ஒன்பது பேர்,
ஒருவனும் பனி கண்டதில்லை.
என் தம்பி பதினாலு வயதில் கண்டது
குளச்சல் ஐஸ் பிளான்டில்:
சாக்கு சுற்றிய கட்டி, மரத்தூள் ஒட்டியது.
தோளில் வைத்தால் எரியும்.
"தணுப்பு இல்லக்கா, தீ" என்பான்.

மீன் வெட்டத்தான் நார்வேக்குப் போனான்.
வடகோடியில் ஒரு கம்பெனி, மூன்று வருட விசா.
கம்பெனிக்குப் பின்னால் யாரோ நாய் வளர்த்தார்கள்.
மீன்தலை கொண்டுபோய்ப் போட்டான்,
அவ்வளவுதான்.
ஒரு குட்டி இவன் கையுறையைத் தின்றுவிட்டது.
அதையே கேட்டு வாங்கினான்.
சூரை என்று பேர் வைத்தான்.

பிறகு சீலா, நவரை, வாளை,
ஒரே ஈற்றில் பிறந்த அயிலையும் சாளையும்.
"சாளைக்குக் கால் சரியில்லக்கா" என்பான் போனில்.
கருங்கல் சந்தையில் கூடை முன்னால் இருந்துகொண்டு
"இங்க கிலோ இருநூறு" என்பேன்.
அங்கே அவன் உறைந்த மீனைக் கோடாலியால் பிளந்தான்,
இங்கே நான் கத்தியால்.

நாய்வண்டிக்கு லகான் கிடையாது. வாய்தான்.
அந்த ஊர்ச் சொற்கள் இவன் வாயில் நிற்கவில்லை.
தேங்காப்பட்டணம் பார்த்து வள்ளம் ஓடினால்
வலப்பக்கம் கரை, இடப்பக்கம் வெலங்க.
அதையே சொல்லிக் கொடுத்தான்.
கடலே தெரியாத வெள்ளை வெளியில்
பதினாலு நாய்கள்
எங்கள் கடலில் ஓடின.

முதல் வருடம் கடைசிக்கு முந்தின இடம்.
மூன்றாம் வருடம் கன்னம் கறுத்து உரிந்தது,
கால்விரல் ஒன்று போனது.
ஆறாம் வருடம் ஜெயித்தான்.
ஏழிலும். ஒன்பதிலும்.
ஊர் முக்கில் பிளக்ஸ் வைத்தார்கள்,
சுற்றிலும் பென்குவின்.
அது அடுத்த துருவம் என்ற டியூஷன் மாஸ்டரை
யாரும் சட்டை செய்யவில்லை.
படத்தில் இவன் புருவம் வெளுத்திருந்தது;
பனியா வயசா தெரியவில்லை.

பத்தாம் ஓட்டம்.
ஒவ்வொரு வண்டியும் வரைபடத்தில் ஒரு புள்ளி.
இவன் பச்சை, நம்பர் பதினேழு.
முன்னூறு கிலோமீட்டர் மிச்சம், இவன்தான் முதல்.
செவ்வாய் மதியம் புள்ளி நின்றது.

இரண்டு மணி நேரம், ஓய்வு, சரி.
ஐந்து, சரி.
ஏழாம் மணியில் இரண்டாவது ஆள் தாண்டிப் போனான்.
பெர்பெத்துவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பிறகு அவள் மதினி. பிறகு தெருவே.
ஒக்கி ராத்திரியில் எங்களுக்குப் பார்க்க
ஒரு புள்ளிகூட இல்லை.
அவள் மாப்பிள்ளை எந்த இடத்தில் நின்றான் என்று
இன்றும் அவளுக்குத் தெரியாது.
ஜெபமாலை எடுத்தவளைப் பார்த்து
"இப்ப வேண்டாம்" என்றாள்.
போனைச் சார்ஜில் போட்டாள்.

பதினோராம் மணி. அசைந்தது.
பின்னால்.
எல்லாப் புள்ளியும் வடக்கே போக
இது மட்டும் வந்த வழியே.
"திரும்புதான்" என்றாள் பெர்பெத்துவா,
அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் பேசினான்.
சூரைக்குப் பத்து வயசு,
முன்னால் கட்டியிருக்கக் கூடாதாம்.
பனியில் படுத்தவள் எழும்பவில்லை.
விடிய விடியப் பக்கத்தில் கிடந்து பார்த்து
வண்டியில் ஏற்றித் தன் கோட்டைப் போர்த்திவிட்டு
"கரைன்னு சொன்னேன்க்கா. கரை, கரைன்னு."
மற்ற பதிமூன்றும் வலப்பக்கம் வளைந்து திரும்பினவாம்.
பிழைச்சாளா என்றேன்.
பதிலுக்கு நேரம் எடுத்தான்.
"முகாமுக்கு வந்து வெள்ளம் குடிச்சா.
அப்புறந்தான்."

பட்டியலில் பேருக்கு நேரே 'விலகினார்'.
பிளக்ஸை இறக்கிவிடலாமா என்று
சங்கத்துப் பையன்கள் கேட்டார்கள்.
பெர்பெத்துவா போய்
அறுந்து தொங்கிய மூலையை நைலான் கயிற்றால்
இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள்.
அன்றைக்குக் கரையில் சூரை நல்ல வரத்து, விலையும் மலிவு.
நான் சாளை மட்டும் எடுத்தேன்.