ராச்சாக்காரர் என்றால்

குத்தாயிசி நகரத் தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
ஆளெடுப்புக்கு முன் மனதை அளப்பவள் நான்.
நூற்றெண்பது கேள்விகள், கேள்விக்கு ஐந்து கட்டம்,
ஒரு டப்பா மழுங்கிய பென்சில்கள்.
தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
சராசரிகள் திபிலிசி மாணவர் முந்நூறு பேரிடம் எடுக்கப்பட்டவை.
பதினோரு வருடம் அதை நான் படித்ததேயில்லை.

கூரியாவிலிருந்து வாலிகோ இம்னாட்ஸே வந்தார்.
"யோசிக்காமல் செயலில்..." என்று நான் வாசிக்க ஆரம்பித்ததும்
"ஆமாம். அடுத்தது?" என்றார்.
அடுத்ததற்கும் ஆமாம். நடுவில் ஒரு கதை,
கதைக்குள் ஒரு கழுதை, கழுதையின் பேரில் ஒரு வழக்கு.
அவர் மதிப்பெண் கட்டத்தைத் தாண்டி வெளியே போய் நின்றது.
அவசர புத்தி, தகுதியில்லை.
கையெழுத்திட்டேன்.

அந்தக் கோடையில் வேறு வேலையாக லாஞ்ச்கூத்தி சந்தைக்குப் போனேன்.
தக்காளி விற்பவள், தபால்காரர், பாதிரியார்,
ஒருவர் பாக்கியில்லை,
என் வாக்கியத்தை எனக்கு முன்னால் முடித்துவைத்தார்கள்.
அங்கே மந்தம் நான்தான்.
ஒரு சோறு பதம், சரி.
வேறு பானைச் சோற்றையல்லவா
பதினோரு வருடமாக நசுக்கிப் பார்த்திருக்கிறேன்.

மெஸ்தியாவிலிருந்து மலையிறங்கி வந்த லம்சிரா பில்பானி
'அந்நியரோடு எளிதில் பேசுவேன்' என்ற இடத்தில்
பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.
"எங்களிடம் அந்நியர் கிடையாது.
வந்தவர் விருந்தாளி. வராதவரோடு எப்படிப் பேச?"
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
ஓரத்தைக் கூட்ட இயந்திரத்துக்குத் தெரியாது.

பிறகு திருந்தினேன். அப்படித்தான் நினைத்தேன்.
சுவரில் ஜார்ஜியா வரைபடம், பகுதிக்கு ஒரு நிறம்,
நிறத்துக்கு ஒரு சராசரி.
கூரியா என்றால் வேகத்தில் கொஞ்சம் கழி,
ராச்சா என்றால் கொஞ்சம் கூட்டு.
தலைமையகம் பாராட்டுக் கடிதமும்
ஒரு சுவர்க்கடிகாரமும் அனுப்பியது.

எல்குஜா கோபேஜிஷ்விலி. ஊர் ஓனி, ராச்சா. வயது முப்பத்தொன்று.
எங்கள் நிலையத்தில் ஒரு கேலி உண்டு:
ராச்சாக்காரர் வீடு பற்றிக்கொண்டால்
தொப்பியைத் தேடி, தூசி தட்டி, மாட்டிக்கொண்ட பிறகே
"தீ" என்பாராம்.
இவர் ஒவ்வொரு கேள்விக்கும் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே ரியோனி,
அவர் ஊர் வழியாக இறங்கி வருகிற அதே ஆறு.
உறக்கம் எப்படி?
ஜன்னல். "வரும்."
எதிலாவது சந்தோஷம்?
ஜன்னல். தேநீர் ஆறிப்போகும்வரை ஜன்னல்.
"இருக்கும்."
நிறுத்தக் கடிகாரத்தைப் பெருந்தன்மையோடு கவிழ்த்துவைத்தேன்.
'பிராந்திய நிதானம்' என்று எழுதி
கூட்ட வேண்டியதைக் கூட்டினேன்.
தகுதி.

பிப்ரவரியில் அவர் அக்கா வந்தார்.
காலணியில் பனி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"வேலைக்குப் போகிறதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
திராட்சை பறித்த நாளிலிருந்தே அப்படித்தான்.
நீங்கள் பார்த்தீர்களாமே,
ஒன்றும் தோன்றவில்லையா?"

அவர் பகுதியே அப்படித்தானே என்றேன்.
கை தானாக வரைபடத்துக்குப் போனது.

அக்கா அதை நிதானமாகத்தான் பார்த்தார்.
"எங்கள் வீட்டில் அவனுக்குத்தான் வாய் ஓயாது.
கல்யாண மேஜையில் வாழ்த்த எழுந்தான் என்றால்
அவன் முடிப்பதற்குள் மாப்பிள்ளை கிழவனாகிவிடுவான் என்பார்கள்.
சின்னப் பிள்ளையில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா?
கூரியாக்காரன்."

இப்போது தாளில் ஊர் என்ற இடத்துக்குக் கீழே
கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
உங்களை முன்பே அறிந்த ஒருவர் பெயர்.
பாதிப் பேர் அதை வெறுமையாக விட்டுப் போகிறார்கள்.

வாலிகோவுக்கு எழுத வேண்டிய கடிதம்
இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.
முதல் வாக்கியத்தையே முடிக்க முடியவில்லை.
அவரானால் முடித்துவைத்திருப்பார்.