பூச்சியம் கிலோமீற்றர்

ஒல்ரன் ரயில் நிலையத்தில், மேடையோரம்
ஒரு கல் நிற்கிறது.
இந்த நாட்டுத் தண்டவாளங்கள்
தூரத்தை அதிலிருந்துதான் எண்ணத் தொடங்கினவாம்.
றூடி சொன்னான்.
பெட்டி கோர்க்கும் வேலை அவனுக்கு.
நான் அப்போது அந்தக் கல்லில் சாய்ந்து
வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய ஜேர்மன் எனக்குப் பாதிதான் விளங்கும்.
வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவினான்,
பிறகு என் முகத்தை.
"நாளைக்கு ஆறு மணி. இந்த இடம்."
அது முழுதாக விளங்கியது.

ஏழு வருடமும் நாலு மாதமும்.
சாமான் வாங்குவது மிக்ரோவில் மட்டும்,
அங்கே மது விற்பதில்லை.
மற்றக் கடையில் பால் மலிவு என்கிறார்கள்.
இருக்கட்டும்.
அங்கே பாலுக்கு அடுத்த வரிசையில் நிற்பவன்
என்னை நன்றாகத் தெரிந்தவன்.

கல்யாணங்களில் மண்டபத்துக்குப் பின்னால்
கார் டிக்கிகள் திறந்திருக்கும்.
நான் குசினியில் கிடாரம் கழுவுவேன்.
"தண்ணியை விட்டவர்" என்று காட்டுவார்கள்.
விட்டு முடியவில்லை ஐயா,
தினம் விடுகிறேன்,
பல் தீட்டுவதுபோல.

சுகந்தமலர் பாசலில் இருக்கிறாள்.
மன்னித்தேன் என்று இதுவரை சொன்னதில்லை.
மகனின் பள்ளி ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்புவாள்,
ஒரு சொல் சேர்க்காமல்.
கணக்கு, ஆறுக்கு ஐந்தரை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
அவளுடைய பெருவிரல் நகம் ஓரத்தில் தெரிந்தது.

நேற்றிரவு ஒன்றே முக்காலுக்குப் போன்.
நகுலேசின் மகள், பதின்மூன்று வயசு.
"அங்கிள், அப்பா பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு நிக்கிறார்.
கூப்பிட்டா நீங்கள் வருவீங்கள் எண்டு ஆரோ சொன்னவை."
ஆரோ.
ஒரு காலம் என் கடன் கணக்கு கைமாறிய வழியில்
இப்போது என் நம்பர் போகிறது.

ஆற்றுப் பனியில் மரப்பாலம்
பாதியோடு நின்றிருந்தது.
மிச்சப் பாதியை நம்பிச் சைக்கிளை விட்டேன்.

பூட்டிய கதவடியில் குந்தினேன்.
புத்திமதி சொல்லவில்லை.
எனக்குக் கிடைத்த புத்திமதிகளையெல்லாம்
நான் விற்றுக் குடித்தவன்.
மகனின் உண்டியலைக் கத்தியால் நெம்பிய கதையைச் சொன்னேன்.
நாற்பத்தொரு பிராங்.
ஒரு பிராங்கைத் திரும்ப உள்ளே போட்டேன்,
பாவமென்று.

உள்ளே சிரித்தானா அழுதானா தெரியாது.
தாழ்ப்பாள் அசைந்தது.

மேசையில் இரண்டு போத்தல், ஒன்றில் அரைவாசி.
ஊற்றிவிடலாமென்று தூக்கினேன்.
மூடி திருகிய அந்தச் சின்னச் சத்தம்,
பிறகு மணம்.
ஏழு வருடமும் நாலு மாதமும்
மூக்கு நுனிக்கு வந்து நின்றன.
வாய் ஊறியது.
ஊறியது, ஏன் ஒளிப்பான்?

"நகுலேஸ், நீரே ஊத்தும்.
எனக்கு ஏலாது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
அதுவரை நான் காப்பாற்ற வந்த ஆள்.
அதற்குப் பிறகு
நாங்கள் இரண்டு பேர்.

நடுங்கி நடுங்கி ஊற்றினான்,
தொட்டிக்குள் கொஞ்சம், காலில் மிச்சம்.
பிள்ளை பேசாமல் யன்னலைத் திறந்தாள்.
குளிர் வந்தது.
மூன்று பேரும் அதை இழுத்து இழுத்துக் குடித்தோம்.

சத்தியம் கேட்கவில்லை அவனிடம்.
போன மாதம்தான் ஒன்று தந்தான்,
அது இன்னும் புதுசாய் இருக்கிறது.
"ஆறு மணி, ஸ்ரேசன், அந்தக் கல்லடி" என்றேன்.

ஆறரையாகிவிட்டது.
சூரிச் ரயில் போய்விட்டது, பேர்ண் ரயிலும் போய்விட்டது.
ஆஸ்பத்திரிக் குசினியில் ஏழு மணிக்கு
என் கோப்பைகள் காத்திருக்கும்.
இரண்டு கோப்பி வாங்கினேன்,
ஒன்று கல்லின்மேல் ஆறுகிறது.

றூடி பிறகொரு நாள் சொன்னது:
எனக்கென்று வாங்கியதில்
பதினொரு கோப்பி ஆறிப்போனதாம்.
பன்னிரண்டாவதை
நான் சூட்டோடு குடித்தேன்.