இரு நிறுத்தங்களுக்கு நடுவே

பெர்கன் நகரில் மழை நிற்பதே இல்லை.
எனக்கோ
தொடங்குவதற்குள் நின்றுவிடுகிறது.

இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
மலைச்சரிவில் ஏறி, துறைமுகம் சுற்றி,
மருத்துவமனை வாசலைத் தொட்டுத் திரும்பும் தடம்.
ஒரு சுற்று ஐம்பத்தெட்டு நிமிடம்.
என்னால் தாங்க முடிவது நாற்பது.
மீதிப் பதினெட்டைப் பற்றி
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, வழிகிறது.
முழங்கால்கள் ஒன்றையொன்று நெருக்க
"அடுத்த நிறுத்தம் மீன்சந்தை" என்கிறது
பதிவுசெய்த பெண்குரல்,
எந்த அவசரமும் இல்லாமல்.

இரவில் ஐந்து தடவை.
விளக்கைப் போடாமல் போகப் பழகிவிட்டேன்.
பதினோரு எட்டு, சில்லிட்ட தரை,
பிறகு நிற்பது.
நின்றுகொண்டே இருப்பது.
வெளியே அத்தனை கூச்சல் போட்டுவிட்டுக்
கூண்டில் ஏறியதும் வாயடைத்துப்போன சாட்சி.
சொட்டு. அப்புறம் யோசனை. அப்புறம் சொட்டு.

திரும்பி வந்தால்
குன்வோர் தூங்குவதுபோல நடிக்கிறாள்.
நான் அதை நம்புவதுபோல நடிக்கிறேன்.

டாக்டர் இங்கெபியோர்க் என் மகளைவிட இளையவள்.
கையுறை மாட்டும்போது வானிலை பற்றிப் பேசினாள்.
நல்ல பெண்.
புற்று இல்லை, புராஸ்டேட் வீக்கம்தான் என்றாள்.
அக்ரூட் கொட்டையாய் இருக்கவேண்டியது
உருளைக்கிழங்காகி இருக்கிறதாம்.
என்ன ரகம் என்று கேட்டேன்.
சிரிக்காமல் ஒரு தாளை நீட்டினாள்:
மூன்று நாள் கணக்கு.
எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி.

வாஃபிள் மாவுக்குப் பால் அளந்த குவளை
சமையலறையை விட்டுக் குளியலறைக்குக் குடிபோனது.
இனி அது திரும்பப்போவதில்லை.

02.10 — 90
03.25 — 60
04.40 — 40, பாதி முயற்சியில்

காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவள்
பேனாவை எடுத்து அடியில் எழுதினாள்:
04.40 — நானும் விழித்திருந்தேன்.

இப்போது இரவில் ஒரு மாத்திரை.
சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது,
கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்கிறேன்.
ஆறு மணிக்குமேல் காபி இல்லை.
பீர், சனிக்கிழமை, அதுவும் பாதி.
முடிந்தது என்று தோன்றினால் நம்பாதே,
பத்து எண்ணிவிட்டு இன்னொரு தடவை கேட்டுப் பார்.
ஐந்து, மூன்றாயிற்று.
சில நாள் இரண்டு. சில நாள் மறுபடி ஐந்து.

சிக்பியோர்ன், ஒன்பதாம் தடத்து ஓட்டுநர்,
ஒருநாள் தானாகவே சொன்னான்:
நூலகத்தில் இரண்டாம் மாடி.
பெட்ரோல் பங்கில் சாவி, மரக்கரண்டியில் கட்டியிருக்கும்.
தேவாலயத்துப் பின்கதவு, வியாழன் தவிர.
இந்த ஊரில் எங்களுக்கென்று
இன்னொரு வரைபடம் இருந்திருக்கிறது.

நவம்பர். செவ்வாய்க்கிழமை.
கம்பளித்தொப்பிக்காரர் ஒருவர் முன்கம்பியைப் பிடித்தபடி
இடக்காலிலிருந்து வலக்காலுக்கு,
வலக்காலிலிருந்து இடக்காலுக்கு.
காலி இருக்கைகள் இருந்தன. உட்காரவில்லை.
சிவப்பு விளக்கு ஒவ்வொன்றையும்
கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.
மணியை அழுத்தவில்லை.
எந்த நிறுத்தத்தைக் கேட்பது?

நிறுத்தமே இல்லாத இடத்தில் நிறுத்தினேன்.
முன்கதவைத் திறந்தேன்.
"அந்தச் சாம்பல் கதவு, ஓட்டுநர்களுக்கானது.
நாலு, பூஜ்யம், ஏழு, ஒன்று."
நன்றி சொல்லவில்லை. அதற்கு ஏது நேரம்.

பேருந்தில் பதினான்கு பேர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
துடைப்பான்கள் மட்டும்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.
தொப்பியைக் கையில் பிடித்தபடி
உலகத்து நேரமெல்லாம் தன்னுடையது என்பதுபோல நின்றார்.
வெளியே வரவில்லை.
கதவை மூடவும் இல்லை.
என்னைப் பார்த்தார்,
என் முழங்கால்களைப் பார்த்தார்,
கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது நிமிடத் தாமதம்.
படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.