சிவப்புப் பென்சில் கோடு

நேவாவுக்குக் குறுக்கே பாலம் கூடாது என்றானாம் ஒரு ஜார்.
ஆளுக்கொரு படகு கொடுத்தானாம்.
ஞாயிற்றுக்கிழமை கொடி ஏறினால்
பிரபு, வணிகன், பாதிரி எல்லாரும் பாய் விரிக்க வேண்டும்.
வராதவனுக்கு அபராதம்.
எங்கள் விளையாட்டு பிறந்தது அப்படித்தான்:
பயந்துகொண்டு,
வாந்தி எடுத்துக்கொண்டு,
நனைந்த பொய்முடியைப் பிழிந்துகொண்டு.

அப்புறம் வெள்ளைக் காற்சட்டை போட்டவர்கள்
கழகம் வைத்தார்கள். கயிறு இழுக்கக் கூலிக்கு ஆள்,
கோப்பை வாங்க இவர்கள்.
அப்புறம் புரட்சி.
பெயர்ப்பலகையின் பின்பக்கத்தில்
துறைமுகத் தொழிலாளர் என்று எழுதி
அதே ஆணியில் மாட்டினார்கள்.

என் முறை வந்தபோது
அபராதம் திசை மாறியிருந்தது.
இப்போது அது
ரொம்ப தூரம் போனவருக்கு.

எங்கள் படகு 'கூலிக்'. உள்ளான் குருவி.
அடிக்கட்டைக்கு ஈயம், லாரி பேட்டரிகளை உருக்கியது.
பாய், அந்தக் கோடையில் தாலினில் நடந்த
ஒலிம்பிக் பந்தயத்தில் யாரோ கழித்துப் போட்டது,
மூன்று இடத்தில் ஒட்டு.
சுக்கானில் அர்காதி தியூலெனெவ், டர்பைன் ஆலையில் கடைசல்காரர்.
நடுவில் வெத்தோஷ்கின், எந்நேரமும் கருவாடு உரித்தபடி.
அணியத்தில் நான். வார நாட்களில்
பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.

ஒவ்வொரு முறையும் கரைக் காவலில் முத்திரை வேண்டும்.
பெயர், பாஸ்போர்ட் எண், திரும்பும் மணி.
முத்திரை குத்துபவன் இல்தார்,
பஷ்கீரியப் புல்வெளிக்காரன், பத்தொன்பது வயது,
பட்டாளம் கொண்டுவந்து விடும்வரை கடலைப் பார்த்ததில்லை.
பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும்
எங்களை எண்ணிவிடுவான். மூன்று.

செப்டம்பர் பந்தயம்.
காற்று மேற்கே நின்று முகத்தில் அறைந்தது.
குறுக்கும் நெடுக்குமாகக் கோணிக் கோணி ஏறினோம்.
வடக்கே இன்னும் ஒரே ஓட்டம் ஓடினால்
மிதவையைத் தொட்டுத் திரும்பிவிடலாம்.
வடக்கே கோடு இருந்தது.
தண்ணீரில் இல்லை.
வரைபடத்தில், சிவப்புப் பென்சிலில்.

திருப்பு என்று அர்காதி சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
ஏழு நிமிஷம்.
வெத்தோஷ்கின் கருவாட்டைச் சட்டைப்பையில் வைத்தான்.
நான் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
எங்கள் வளைகுடாவில் உப்பே கிடையாது, தேநீர் போடலாம்.
அந்தப் பக்கமும்
தேநீர் போடலாம்.

முதலில் வந்தோம்.
கோப்பை மேசையில் ஒரு மணி நேரம் இருந்தது.
பிறகு இல்தாரின் அறிக்கை வந்தது,
பள்ளிக்கூடக் கையெழுத்தில்,
நிமிஷக் கணக்கோடு. ஏழு என்றே எழுதியிருந்தான்,
ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.
அடுத்த கோடை முழுக்க எங்களுக்கு முத்திரை இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் பிப்ரவரி உண்டே.
வளைகுடா உறைந்தது.
எஃகுச் சறுக்குக் கால்மேல் பாய் கட்டிய வண்டி,
புயெர் என்போம் அதை.
முற்றுகையின்போது லதோகா ஏரியில்
இதே ஜாதி வண்டிகள் காவல் சுற்றின.
எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை.
கரையோரம் சுற்ற யாரும் காகிதம் கேட்கவில்லை.

பனியில் ஒருவன் நடந்து வந்தான்.
விடுப்பு நாள். தொப்பியின் காது மடலைக் கட்டவில்லை.
"ஒரு தடவை ஏறலாமா?"
அர்காதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு
கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்தார்.
நான் நகர்ந்து இடம் விட்டேன்.

வாடை பிடித்தது.
எண்பது கிலோமீட்டர் இருக்கும், இன்னும் கூடவும் இருக்கலாம்.
சறுக்குக் கால் அலறியது. பனித்தூள் பல்லுக்குள் போனது.
அவன் தன் பாஷையில் ஏதோ கத்தினான்,
குதிரையை அதட்டுவதுபோல் கேட்டது.
பிறகு ரஷ்யனில்:
"இதை எப்படி நிறுத்துவது?"

நிறுத்த முடியாது, என்றேன்.
காற்றின் முகத்துக்கு நேரே திருப்பணும்.
அதுவாக நிற்கும்.

திருப்பட்டுமா?

தலையாட்டினானா, குளிரில் ஆடியதா, தெரியவில்லை.
நான் திருப்பவில்லை.