பதினோராவது கை

எனக்கு வலது தோள் தூக்கேலாது.
மார்கழியிலிருந்து அப்படித்தான்.
பெட்ஷீட் பிழிந்து பிழிந்து வந்தது என்றார்
பொத்துவில் ஆஸ்பத்திரி டொக்டர்.
சுடுதண்ணி ஒத்தடம், பிழியாமல் இருப்பது,
இரண்டும் மருந்தாம்.
இரண்டாவதுக்கு அவர் ஆள் அனுப்பவில்லை.

அறுகம்பேயில் எனக்கு ரெண்டு கபானா.
கூரை வங்கிக் கடன்,
கட்டில் தம்பியின் கட்டார் காசு.
சித்திரையில் அலை எழும்பினால் ஆள் வரும்.
ஐப்பசி கழிந்தால்
நாயும் நானும்.

சபைக்கு நான் பட்டியலில் போனவள்.
வட்டாரம் வென்றவர்கள் பேசி முடித்த பிறகு
நேரமிருந்தால் என் பேர் கூப்பிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை ஏழாவது பிரேரணை, விடுதி வரி.
அறைக்கு இரவொன்றுக்கு நூறு
இனி இருநூற்றைம்பது.
அந்தக் காசில்
குப்பை ட்ரக்டர் இன்னொன்று,
குப்பை மேட்டைச் சுற்றி மின்வேலி,
ராவைக்கு அம்புலன்ஸ் ஓட்ட ஒரு சாரதி.

முதல்நாள் இரவே மூத்தவன் போனில் தட்டிப் பார்த்துவிட்டான்.
ரெண்டு அறை, நூற்றைம்பது கூட, நூற்றிருபது இரவு.
"முப்பத்தாறாயிரம் உம்மா.
கையை மடியில வெச்சிக்கிட்டு இரிங்க."

கோணாமலை அண்ணன் முன்மொழிந்தார்.
முப்பத்திரண்டு அறையும் ஒரு நீச்சல் தடாகமும் உள்ள
இஸ்ஸதீன் ஹாஜி எழும்பி
"ஏழைத் தொழிலாளியின்ட வயித்தில..." என்று தொடங்கினார்.
அவருடைய வயிறு
மேசை விளிம்பில் சாய்ந்து ஓய்வெடுத்தது.
ஜயதிலக சிங்களத்தில் பேசினார்.
மொழிபெயர்க்கிறவருக்கு அன்று லீவு.
"அலியா" என்ற சொல் மட்டும் ஐந்து தரம் வந்தது,
ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

போன மாதம் அது வந்தது, ஒற்றை யானை.
குப்பை மேட்டில் தின்றது போதாமல்
பாலர் பாடசாலைக் குசினியைச் சாய்த்தது.
பருப்பு ஒரு மூடை போயிற்று.
பக்கத்துச் சுவரில் பிள்ளைகள் ஒட்டிய கடதாசி மீன்களில்
ஒன்றுகூடக் கிழியவில்லை.
விடிய எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.
நான் முற்றத்தில் கிடந்த லத்தியைப் பார்த்தேன்.
அதற்குள் ஷாம்பூ பக்கட், நீலம்.
என் அறைகளில் சோப்புக்குப் பக்கத்தில்
நான் வைக்கிற அதே சாதி.
இதை நான் சபையில் சொல்லவில்லை.
மூத்தவனுக்கும் சொல்லவில்லை.

"ஆதரிப்போர் கை உயர்த்துக" என்றார் தவிசாளர்.
பத்துக் கை போயிற்று.
என்னுடையது காதுமட்டும் வந்து நின்றது.

செயலாளர் பேனையை நிறுத்தினார்.
"மெம்பர், கை உயர்த்தினதா
முக்காடு சரிசெய்ததா?"
சிரித்தார்கள், எனக்குக் கை தந்தவர்களும்தான்.
"முக்காடு, முக்காடு, அப்படியே எழுதுங்க"
என்றார் ஹாஜி, கெதியாக.

இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தேன்.
நிரம்பிய வாளியைக் கிணற்றுக் கட்டில் ஏற்றுகிற மாதிரி
மேலே தள்ளினேன்.
நோவு தோளிலிருந்து பல்லுக்கு வந்தது.
"எண்ணுங்க" என்றேன்,
"விழப் போகுது."

பதினொன்று.

வெளியே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில்
ஹாஜி திறப்பைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.
என்ர இடம் நிரம்பினா உன்னட்டத்தானே அனுப்பினன்,
இனிப் பாப்பம், என்றார்.
ஓம் ஹாஜி என்றேன். வேறென்ன சொல்ல.
ஓட்டோவில் பாலம் தாண்டும்வரை
கை என்னுடையதாகவே இல்லை.

வாசலில் விலைப் பலகை.
மூவாயிரத்து ஐந்நூறு என்றிருந்தது.
சோக்கட்டியோடு எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை.
முதலாம் அறை ஜெர்மன்காரப் பெடியன்
ஈரத் தலையோடு வந்து சோக்கை வாங்கினான்.
ஆறடிக்கு மேல் ஆள்.
கையை உயர்த்துவது அவனுக்கு ஒரு வேலையே இல்லை.
நான் சொல்லச் சொல்ல எழுதினான்,
மூவாயிரத்து அறுநூற்றைம்பது,
தன் வாடகையைத் தானே.

என்னத்துக்கு இந்தக் கூட்டல் என்று கேட்டான்.
ட்ரக்டர், வேலி, சாரதி,
எதற்கும் என்னிடம் இங்கிலீஸ் இல்லை.
"எலிபண்ட்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது.
எத்தனை மணிக்கு ஜீப் வரும் என்று கேட்டான்.