இருபத்திரண்டாவது புட்டி

இரவு இரண்டு மணி. தெக்கோங் மருத்துவக் கூடம்.
எத்தனையாவது வாளி என்று எண்ணுவதை
எப்போதோ விட்டுவிட்டேன்.

முதலில் ஃபைருஸ்.
வந்தான் என்று சொல்ல முடியாது,
இருவர் தோளில் தொங்கினான்.
அப்புறம் ஜுன் காய்.
அப்புறம் கட்டில் போதவில்லை.

அட்டைகளைப் புரட்டினேன்.
டைபாய்டு, போட்டாயிற்று.
டெட்டனஸ், போட்டாயிற்று.
ஃபுளூ, போன மாதம், என் கையெழுத்து.
ஊசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை:
அது தன் வாசலில் இன்னும்
விறைப்பாய்த்தான் நிற்கிறது.
கிருமிதான் குக்ஹவுஸ் வழியாக,
எங்களோடு வரிசையில் நின்று,
தட்டில் ஏறி வந்துவிட்டது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?"
சம்பால் முட்டை, சார்.
சம்பால் முட்டை.
ஒருவன் பதில் சொல்லாமல்
வாளியைக் காட்டினான்.

காவல் முறையில் சாப்பாட்டைத் தவறவிட்டு
பிஸ்கட்டோடு முடித்த எழில்வேந்தன்,
ஊசியைக் கண்டாலே மயங்குகிறவன்,
எல்லோர் நெற்றியையும் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதல் படகுக்கு இருபத்தொரு புட்டிகள்,
பெயர், எண், நேரம்.
ஐஸ் பெட்டியை மூடப் போனபோது
அடிவயிற்றில் யாரோ
மெதுவாக நாற்காலியை நகர்த்தினார்கள்.

முட்டை நன்றாக இருக்கிறதே என்று
இன்னொன்று கேட்டு வாங்கியவன் நான்.

ஒரு லேபிளை உரித்தேன்.